மணியக்காரர் வீட்டுப் பலசாலி

திம்மப்பன் வண்டியைத் தூக்கிய கதையைப் பேரிகைச் சந்தையில் கேட்டால், வண்டி நிறையக் கல்தூண் இருந்தது என்பார்கள். சூளகிரிக்குப் போனால் கல்தூண்களின் மேல் வண்டிக்காரனும் உட்கார்ந்திருப்பான். ஓசூர் போய்ச் சேர்வதற்குள் இரண்டு மாடுகளும் பூட்டியபடியே அந்தரத்தில் தொங்கும். வண்டிக்கு அடியில் கிடந்தவள் அவன் பெண்டாட்டி கெம்பம்மா. அவளிடம் மட்டும் யாரும் விவரம் கேட்கவில்லை. கேட்டால் கதை சுருங்கிவிடும் என்று ஜனங்களுக்குத் தெரியும்.

பேரிகைப் பக்கம் கரண்ட் வரப்போகிறது என்ற பேச்சு மட்டும் வந்து சேர்ந்திருந்த வருஷம் அது. மணியக்காரர் திம்மராயன் தம் மாந்தோப்புக்குக் கல்வேலி போட்டுக்கொண்டிருந்தார். குன்றிலிருந்து உடைத்த கல்தூண்களை வண்டியில் ஏற்றிக் கொண்டுவர வேண்டும். மேட்டில் ஏறும்போது மாடுகள் மூச்சு வாங்க நின்றால் வண்டி பின்னால் உருண்டுவிடும். அதற்காகப் பின்னாலேயே ஒரு ஆள் கல்லைத் தூக்கிக்கொண்டு நடந்து, வண்டி நின்றதும் சக்கரத்துக்கு அடியில் வைக்கவேண்டும். அந்த வேலையைப் பெண்களுக்குத்தான் கொடுப்பார்கள். வேலை லேசு என்று காரணம் சொல்வார்கள். அன்று வாய்க்கால் ஓரத்தில் கரை சரிந்து, வண்டி ஒருக்களித்து, கல்லோடு குனிந்திருந்த கெம்பம்மாவின் காலின் மேல் உட்கார்ந்தது.

முன்னால் மாட்டைப் பிடித்துக்கொண்டிருந்த திம்மப்பன் ஓடி வந்தான். அச்சுக்கு அடியில் தோளைக் கொடுத்தான். ஒரு சத்தம் போட்டான். வண்டி எழுந்தது. வண்டிக்காரன் கரியப்பன் அவளை இழுத்து வெளியே போட்டான். தோளை எடுத்ததும் வண்டி திரும்ப விழுந்து அச்சு முறிந்தது.

சேதி கேட்டு வந்த மணியக்காரர் கேட்ட முதல் கேள்வி, "அச்சு போச்சா?" என்பது. இரண்டாவது கேள்வி கேட்பதற்குள், வண்டியைத் தூக்கியது யார் என்று கரியப்பன் சொல்லிவிட்டான். மணியக்காரரின் முகம் மாறிற்று. முறிந்த அச்சுக்கு ஈடாக ஒரு அதிசயம் கிடைத்திருக்கிறது என்று அவருக்குப் புரிந்தது.

ஊருக்குத் தெரியாத ஒன்று கெம்பம்மாவுக்குத் தெரியும். தோள் எழுந்த அந்த நொடியில், அவன் இடுப்பிலிருந்து ஈரத்துணி கிழிகிற மாதிரி ஒரு ஓசை வந்தது. அடியில் கிடந்தவளுக்குத்தான் அது கேட்டது. மறுநாள் விடிந்தபோது அவனால் பாயை விட்டு எழ முடியவில்லை. ஒரு கால் கட்டோடு அவளும், மடங்காத முதுகோடு அவனும், ஒருவரை ஒருவர் பிடித்துத் தூக்கி நிறுத்திக்கொண்டார்கள். வாசலில் போனவர்கள் பார்த்துவிட்டு, புருஷன் பெண்டாட்டி என்றால் இப்படி இருக்கவேண்டும் என்று பேசிக்கொண்டு போனார்கள்.

அவள் கால் கோணலாகக் கூடிற்று. அவன் முதுகு கூடவேயில்லை.

ஆனால் வருஷம் பிறக்க இருந்தது. அந்தப் பக்கத்தில் பண்ணை ஆளுக்கு உகாதியில்தான் வருஷம் முடியும், உகாதியில்தான் வருஷம் ஆரம்பிக்கும். அன்று காலை மணியக்காரரின் களத்தில் ராகி மூட்டை ஒன்று கிடக்கும். ஆள் அதைத் தனியாகத் தூக்கி, களஞ்சியத்தில் கொண்டுபோய்ப் போடவேண்டும். போட்டுவிட்டு வந்தால் வேப்பம்பூவும் வெல்லமும் கொடுத்து, கையில் வெற்றிலை பாக்கு வைப்பார்கள். வெற்றிலை வாங்கியவனுக்கு அந்த வருஷம் வேலை உண்டு, ராகி உண்டு, மணியக்காரர் மண்ணில் நிற்கிற குடிசை உண்டு. வெற்றிலை வாங்கிய பிறகு ஆள் படுத்துவிட்டால், அவன் வீட்டிலிருந்து வேறொருவர் வந்து வருஷத்தைக் கழிக்கவேண்டும். மூட்டையைத் தூக்க முடியாதவன் அன்றே குடிசையின் கீற்றைப் பிரிக்க வேண்டியதுதான். கல்லாவியிலிருந்து பிழைக்க வந்த ஆஞ்சப்பன் என்கிற வாட்டசாட்டமான பையன் ஒருவனை மணியக்காரர் மாட்டுக்கொட்டகையில் சோறு போட்டு வைத்திருந்தார். எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. கெம்பம்மாவும் கேட்கவில்லை. அவளுக்குத் தெரியும்.

ஆகவே அவள் ஒரு காரியம் செய்தாள். நொண்டிக்கொண்டே மணியக்காரர் வீட்டுப் புழக்கடைக்குப் போய் நின்றாள்.

"சாமி, ஒரு சேதி."

"என்னாமே?"

"கனவுல மாரம்மா வந்தா, சாமி."

"வந்து?"

"'உம் புருசன் தோள்ல அன்னிக்கு ஏறுனது நான்தான்டி. சில்லறைச் சுமைக்கெல்லாம் என்னைக் கூப்பிடாதீங்க. கூப்பிட்டா எறங்கிப் போயிடுவன்'னு சொல்லிட்டுப் போயிட்டா."

மணியக்காரர் வெற்றிலையை மெல்லுவதை நிறுத்தினார். "அப்படின்னா அந்தப் பலம் இன்னும் உள்ளாரதான் இருக்குதா?"

"உள்ளாரதான் சாமி இருக்குது. பூட்டிக் கெடக்குது."

"சாவி?"

"அது அவகிட்ட."

மணியக்காரர் அன்றே உத்தரவு போட்டார். திம்மப்பன் இனிமேல் சில்லறைச் சுமை தூக்கக்கூடாது. தோப்புக் காவல் மட்டும் பார்த்தால் போதும். ஒரு பண்ணையாளின் முதுகைக் காப்பாற்ற மனிதன் சொல்லியிருந்தால் சிரித்திருப்பார். தெய்வம் சொன்னதால் யோசித்தார். அதிலும் அந்தத் தெய்வம் தம்முடைய ஆளின் மேல் ஏறியிருப்பது அவருக்கு ஒரு கௌரவமாகப் பட்டது. கெம்பம்மா வீட்டுக்கு வரும்வரை சிரிப்பை அடக்கிக்கொண்டு வந்தாள். பலம் உள்ளே பூட்டிக் கிடக்கிறது என்று சொன்னதுதான் தப்பு என்று அப்போது அவளுக்குத் தெரியாது.

திம்மப்பன் தோப்பில் நின்றான். உட்கார்ந்தால் எழ முடியாது என்பதால் நின்றுகொண்டே இருந்தான். குனிய முடியாததால் நிமிர்ந்தே நடந்தான். திரும்பிப் பார்க்க வேண்டுமென்றால் கழுத்தைத் திருப்பாமல் ஆளே மொத்தமாகத் திரும்பினான். அடியை மெதுவாக, அளந்து வைத்தான். பலசாலியின் நடை என்றால் இதுதான் என்று ஊர்ப் பையன்கள் முடிவு கட்டினார்கள். கொஞ்ச நாளில் பேரிகைச் சந்தையில் காய்கறி வாங்க வந்த இளவட்டங்கள் எல்லாம் முதுகில் பலகை கட்டினதுபோல விறைத்துக்கொண்டு நடந்தார்கள். ஒருவன் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் மற்றவன் ஆளே மொத்தமாகத் திரும்பினான்.

"உன் வலி ஊருக்கே பரவிடுச்சு யோவ்" என்று கெம்பம்மா எருக்கிலையைச் சூடு காட்டி அவன் இடுப்பில் வைத்தாள்.

"சிரிக்க வெக்காதமே. சிரிச்சா நோவுது" என்றான் அவன்.

குனிந்து செய்கிற வேலையையெல்லாம், சாணம் வாருவது முதல் வாய்க்கால் மடை திறப்பதுவரை, விடியும்போதே அவள் போய்ச் செய்துவிட்டு வந்தாள். இப்படியே உகாதி தாண்டிவிட்டால் போதும் என்பது அவள் கணக்கு. மூட்டை தூக்கச் சொல்ல மாட்டார்கள்; மாரம்மா கோபித்துக்கொள்வாள் என்று பயப்படுவார்கள். ஒரு வருஷம் கிடைத்தால் முதுகு எப்படியும் கூடிவிடும்.

ஆனால் மணியக்காரருக்குச் சொந்தமாக ஒரு ஆசை இருந்தது. பஞ்சாயத்து போர்டுக்குத் தலைவராக வேண்டும். அதற்கு முன்னால் ஊருக்கு ஏதாவது செய்ததாகக் காட்ட வேண்டும். கிணறு வெட்டினால் செலவு. பள்ளிக்கூடம் கட்டினால் பண்ணைக்கு ஆள் குறையும். யோசித்துப் பார்த்து 'திம்மராயன் தேகாப்பியாச சங்கம்' என்று ஒரு பலகை எழுதி மாட்டினார். பலகைக்குப் பின்னால் சங்கம் இருந்த இடத்தில் போன வருஷத்து வைக்கோல் இருந்தது. உகாதியன்று திறப்பு விழா. வட்டார வளர்ச்சி அதிகாரி வருவார். விசேஷச் சொற்பொழிவுக்குப் பெங்களூரிலிருந்து 'வஜ்ரதேகி' புரொபசர் மாரிசாமி வரவழைக்கப்பட்டார்.

புரொபசரின் படம் நோட்டீசில் அச்சாகியிருந்தது. புலித்தோல் ஜட்டியும், மார்பு நிறைய மெடல்களும், வயிறு இருக்க வேண்டிய இடத்தில் வயிறின்மையுமாக இருந்தார். பஸ்ஸிலிருந்து இறங்கியவரைப் பார்த்ததும், படத்திலிருந்தவருக்கு அப்பாவோ என்று கரியப்பன் சந்தேகப்பட்டான். கூடவே ஒரு இரும்புப் பெட்டி. உள்ளே தேகப்பயிற்சிக் குண்டுகள். மனிதனின் உள்பலத்தைப் பற்றிப் பேச வந்தவர் பெட்டியைக் காலால் கரியப்பன் பக்கம் தள்ளி, "பார்த்து, கனமாயிருக்கும்" என்றார்.

அவர் விழாவுக்கு நிறைய நாள் முன்னாலேயே வந்துவிட்டார். உள்பலம் வெளியே வருவதற்கு முன், பாலும் முட்டையும் நெய்யும் பாதாம்பருப்பும் உள்ளே போக வேண்டியிருந்தது. மணியக்காரரின் சம்சாரம் சரோஜம்மாள் அடுப்பை விட்டு எழவில்லை.

திம்மப்பனைக் கூட்டி வரச் சொன்னார்கள். புரொபசர் டேப் வைத்து மார்பை அளந்தார், கையை அளந்தார். பின்னால் போய் முதுகெலும்பின் மேல் ஓங்கித் தட்டினார். திம்மப்பன் கண்ணில் தண்ணீர் முட்டிற்று.

"பார்த்தீர்களா!" என்றார் புரொபசர். "அடித்தால் அசையவில்லை. நிற்பதைப் பாருங்கள். இரும்புத் தூண்! இப்படி ஒரு முதுகை நான் மைசூர் அரண்மனைப் பயில்வான்களிடம்கூடப் பார்த்ததில்லை."

கதவோரம் நின்ற கெம்பம்மாவுக்கு அழுகையும் வந்தது, புரொபசரின் பாதாம்பருப்பை நினைத்து வயிற்றெரிச்சலும் வந்தது.

புரொபசர் விளக்கினார். மனித உடம்பு ஒரு பொக்கிஷ அறை. நாம் அதைப் பூட்டிவிட்டு வெளியே உட்கார்ந்து பிச்சை எடுக்கிறோம். மண்வெட்டி பிடிக்கிறவன், மூட்டை தூக்குகிறவன், எவனும் தன் பலத்தில் கால் பங்குக்கு மேல் செலவு பண்ணுவதில்லை. மீதி முக்கால் பங்கு உள்ளே தூங்குகிறது. ஆபத்து வந்தால், பயம் வந்தால், அது விழித்துக்கொள்கிறது.

மணியக்காரர் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார். கொஞ்சம் கொஞ்சமாக அவர் முகம் சிவந்தது.

"அப்போ இத்தனை வருசமா இவனுங்க எனக்குக் கால் பலத்துலதான் வேலை செஞ்சானுங்களா?"

"விஞ்ஞானப்படி அப்படித்தான்."

"முக்கால் பலத்தை ஒளிச்சு வெச்சுக்கிட்டு?"

"தெரியாமல்தான்."

"தெரியாம என்னா சார்! எங்க ராகியத் தின்னுதான சேத்து வெச்சிருக்கானுங்க. அது யாரு பலம்?"

மறுநாளிலிருந்து பண்ணையில் வேலை ஏறிற்று. கிணற்றில் இரண்டு பேர் மாடு பூட்டி இறைத்த கவலையை ஒருவன் இறைக்கவேண்டும் என்றார். எருக்கூடை பெரிதாயிற்று. யாராவது இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றால், "பூட்டாதடா, தொற" என்று வரப்பிலிருந்து கத்தினார். கோபம் தலைக்கு ஏறினால் அவருக்குக் கன்னடம் வந்துவிடும். அந்த வாரம் முழுக்கப் பண்ணையில் கன்னடம்தான் கேட்டது.

கரியப்பன் கெம்பம்மாவைக் கிணற்றடியில் நிறுத்தினான். "ஏமே, உங்க மாரம்மா எறங்கி வந்து எங்க முதுகுலயும் ஏறிட்டாடி. நல்லா இருப்ப."

பொய்யை அவள் ஒரு முதுகுக்கு அளவெடுத்துத்தான் தைத்தாள். மணியக்காரர் அதை ஊருக்கே போர்த்திவிட்டார்.

அதற்குமேல் ஒன்று வந்தது. வெறும் சொற்பொழிவு போதாது, நிரூபணம் வேண்டும் என்றார் புரொபசர். அன்று எந்த நிலைமையில் பலம் திறந்ததோ அதே நிலைமையை உண்டாக்கினால் திரும்பவும் திறக்கும். அதே வண்டி, புது அச்சு, அதே கல்தூண்கள். ஒரு பக்கச் சக்கரத்தைக் கழற்றிவிட்டு, மரக்கட்டையால் முட்டுக் கொடுத்து நிறுத்துவது. முட்டில் ஒரு கயிறு. சங்கத்துப் பையன்கள் கயிற்றை இழுத்தால் முட்டு விழும், வண்டி இறங்கும், திம்மப்பன் தாங்க வேண்டும்.

"அடியில் சம்சாரம் படுத்திருப்பார்" என்றார் புரொபசர், விருந்துக்கு இலை போடச் சொல்கிற குரலில்.

"மாரம்மா கோவிச்சுக்குவா, சாமி" என்றாள் கெம்பம்மா.

"அவதான சில்லறைச் சுமைக்குக் கூப்பிடாதன்னா?" என்றார் மணியக்காரர். "இது சில்லறையா? கலெக்டர் ஆபீசு வரைக்கும் பேசப்போற சுமை."

உகாதிக்கு முந்தின விடிகாலையில் எருக்கிலை வைத்துக்கொண்டிருந்தபோது திம்மப்பன் கேட்டான்:

"நெசத்தைச் சொல்லிடலாமா?"

"சொன்னா ஆஞ்சப்பன் வெத்தலை வாங்குவான். நாம கீத்தைப் பிரிச்சுத் தலையில வெச்சுக்கிட்டு எங்க போறது? சாமல்பட்டி ரயிலடிக்கா?"

"தூக்கலன்னா நீ செத்துப்போவமே."

"செத்தா உனக்குக் குடிசையாவது நிக்கும்."

"நின்னு? எருக்கெலை நானே வெச்சுக்கறதா, முதுகுல?"

அவள் அவன் இடுப்பில் மெதுவாகக் குத்தினாள். பிறகு குத்திய இடத்திலேயே கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

உகாதியன்று களத்தில் மாவிலைத் தோரணம், மேடை, பேட்டரியில் ஓடுகிற மைக், மைசூரிலிருந்து வந்த மாலைகள். மேடைக்கு ஒரு பக்கம் வண்டி முட்டின் மேல் சாய்ந்து நின்றது. மறுபக்கம் வழக்கமான ராகி மூட்டை. அதனருகே புது வேட்டி கட்டிக்கொண்டு ஆஞ்சப்பன். வட்டார வளர்ச்சி அதிகாரி வேர்வையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இன்னும் இரண்டு ஊர்களில் அவர் எதையோ திறந்துவைக்க வேண்டியிருந்தது.

மணியக்காரர் வரவேற்றுப் பேசினார். திம்மப்பனைத் தாம் பெற்ற பிள்ளைபோல வளர்த்ததாகச் சொன்னார். திம்மப்பனுக்கு அவரைவிட வயது அதிகம் என்பதால் கூட்டம் கொஞ்சம் குழம்பியது. "அவன் என் மேல உசுரையே வெச்சிருக்கான். நான் சொன்னா மலையத் தூக்குவான்" என்று முடித்தார். புரொபசர் எழுந்து, பயமே பலத்தின் கதவு என்று பேசினார். "தனக்கு உயிருக்கு உயிரானவர் ஆபத்தில் இருக்கக் கண்டால், நோஞ்சான்கூட யானையாவான்! இதோ பாருங்கள்!" என்று வண்டியைக் காட்டினார்.

கெம்பம்மாவைக் கூப்பிட்டார்கள். அவள் நொண்டிக்கொண்டு வந்து வண்டிக்குப் பக்கத்தில் நின்றாள். படுக்கவில்லை. கும்பிட்டாள்.

"ஐயாமாருங்களே, ஒரு பேச்சு."

"சீக்கிரம் சொல்லுமே" என்றார் மணியக்காரர்.

"புரொபசர் ஐயா சொன்னதை யோசிச்சுப் பாத்தன். உசுருக்கு உசுரான ஆளு அடியில கெடந்தாத்தான் பலம் தெறக்கும்னாரு. நான் இப்போ யாரு? கால் போனவ. ரெண்டு படி ராகி அரைக்கக்கூட ஆவாதவ. போனாப் போறான்னு இந்த ஆளு ஒரு நொடி நின்னுட்டா, புரொபசர் ஐயா பேரு என்னாத்துக்கு ஆவும்?"

"அதுக்கு?"

"இவன் உசுரையே வெச்சிருக்கறது மணியாரு மேலதான். இப்போதான் சாமியே மைக்குல சொன்னாங்க. நான் படுக்கறதுக்குப் பதிலா மணியாரு படுத்தா, வண்டி என்னா வண்டி, குன்றே எந்திரிக்கும்."

பின்வரிசையிலிருந்து கரியப்பன் கை தட்டினான். அதைத் தொடர்ந்து களமே தட்டிற்று. முக்கால் பலத்தையும் கொடுத்துத் தட்டினார்கள்.

அதிகாரி புரொபசரைப் பார்த்தார். "தியரிப்படி சரிதானே?"

புரொபசர் தம் தியரியைச் சுற்றிப் பார்த்தார். வெளியேற வழி தெரியவில்லை. "கொள்கை அளவில்... சரிதான்" என்றார்.

மணியக்காரர் மேல்துண்டை எடுத்து உதறினார், திரும்பப் போட்டுக்கொண்டார். "நான் சபைத் தலைவர். தலைவரே கீழ படுத்தா சபை என்னாவறது?"

"சபைய நாங்க பாத்துக்கறோம்" என்றாள் பெண்கள் பக்கத்திலிருந்து சரோஜம்மாள். அவள் கையில் இன்னும் பாதாம் அரைத்த வாசனை போகவில்லை. "போய்ப் படுங்க. இத்தன நாளும் திம்மப்பன் மாதிரி ஆளு உலகத்துல இல்லன்னு நீங்கதான சொன்னீங்க? வேணும்னா தலையணை எடுத்தாரன்."

பெண்கள் சிரித்தார்கள். மணியக்காரர் சூரியனை அண்ணாந்து பார்த்தார். ராகுகாலம் தொடங்கிவிட்டதாக அறிவித்தார். புரொபசரும் அண்ணாந்து பார்த்து அதை ஆமோதித்தார். விஞ்ஞானமும் பஞ்சாங்கமும் அன்று ஒரே அபிப்பிராயத்தில் இருந்தன. வண்டி நிரூபணம் ஒத்திவைக்கப்பட்டது. அதற்குப் பதிலாகப் புரொபசர் ஒரு இரும்புக் கம்பியை வளைத்துக் காட்டினார். அது வளைவதற்கென்றே அவரோடு ஊர் ஊராக வந்துகொண்டிருந்த கம்பி.

கெம்பம்மா திம்மப்பனைப் பார்த்தாள். அவன் உதட்டோரத்தில் சிரிப்பு வந்துகொண்டிருந்தது. நோகுமே என்று அவள் நினைத்தாள்.

மணியக்காரர் அதைப் பார்த்துவிட்டார்.

"சரி" என்றார். குரல் தணிந்திருந்தது. "பெரிய பலம் இன்னொரு நாள் பாக்கலாம். வழக்கத்தை விடக்கூடாது. ஏ திம்மப்பா, மூட்டையத் தூக்கிக் களஞ்சியத்துல போட்டுட்டு வந்து வெத்தலை வாங்கிக்க."

"சாமி, மாரம்மா..." என்றாள் கெம்பம்மா.

"சும்னிரு!" கன்னடம் வந்துவிட்டது. "மாரம்மாவுக்கு நான் தேங்கா ஒடச்சுக்கறன். வண்டியத் தூக்கினவனுக்கு ஒரு மூட்டை என்னா? முடியலன்னா சொல்லச் சொல்லு. ஆஞ்சப்பன் நிக்கறான்."

ஆஞ்சப்பன் தலையைக் குனிந்துகொண்டான். பிழைக்க வந்த பிள்ளை. அவனுக்கும் வயிறு இருந்தது.

கெம்பம்மா வாயைத் திறந்தாள். முதுகு போய்விட்டது என்ற வார்த்தை தொண்டைவரை வந்தது. அதைச் சொன்னால் முதுகு மிஞ்சும், குடிசை போகும். சொல்லாவிட்டால் குடிசை மிஞ்சும். இவ்வளவு பேச்சு பேசிய வாய் அந்த இடத்தில் மூடிக்கொண்டது. திம்மப்பன் அவள் முகத்தைப் பார்த்தான்; மூடிய வாயைப் பார்த்தான்; தலையை லேசாக ஆட்டினான். சரி என்று அர்த்தம்.

மாதக்கணக்கில் குனியாதவன் குனிந்தான். மூட்டையைக் கட்டிப் பிடித்தான். வண்டியைத் தூக்கிய அன்று போட்ட சத்தத்தை இன்று போடவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டான். மூட்டை முழங்காலுக்கு வந்தது, தொடைக்கு வந்தது, தோளுக்கு ஏறிற்று. கெம்பம்மாவுக்கு மட்டும் அந்த ஈரத்துணி ஓசை திரும்பக் கேட்டது. இந்தத் தடவை அது கடைசிவரை கிழிந்தது. அவன் நடந்தான். களஞ்சியத்துக்குள் போனான். மூட்டை விழுகிற சத்தம் வந்தது.

வெளியே வந்தபோது அவன் இடுப்பிலிருந்து மடங்கியிருந்தான். மண்ணைப் பார்த்தபடியே வந்தான். வந்து மணியக்காரர் முன் நின்றபோதும் மண்ணைத்தான் பார்த்தான்.

"எவ்வளவு பணிவு!" என்றார் அதிகாரி.

புரொபசருக்கு உயிர் வந்தது. மைக்கைப் பிடித்துக்கொண்டார். "அன்பர்களே! கண்டீர்கள்! தயங்கி நின்றவன் எப்படித் தூக்கினான்? வேலை போய்விடுமோ என்ற பயம்! பயம் திறந்தது, பலம் வந்தது! இதைத்தான் நான் சொன்னேன்!" தம் மார்பிலிருந்து ஒரு மெடலைக் கழற்றித் திம்மப்பன் கழுத்தில் மாட்டினார். மார்பு கீழே பார்த்திருந்ததால் மெடல் அந்தரத்தில் தொங்கி ஆடிற்று. மணியக்காரர் வேப்பம்பூவும் வெல்லமும் கொடுத்தார். வெற்றிலை பாக்கைக் கையில் வைக்கக் கொஞ்சம் குனிய வேண்டியிருந்தது. தலைவர் பெரிய மனசோடு குனிந்தார். எல்லாரும் கை தட்டினார்கள். அதிகாரி அடுத்த ஊரைத் திறக்கப் புறப்பட்டார்.

திம்மப்பன் பிறகு நிமிரவேயில்லை. சந்தையில் விறைத்து நடந்த பையன்கள் கொஞ்ச நாளில் பழையபடி நடக்க ஆரம்பித்தார்கள். இந்தப் புது நடையை யாரும் காப்பியடிக்கவில்லை. சங்கத்துக் கொட்டகையில் புது வருஷத்து வைக்கோல் ஏறிற்று. மணியக்காரர் பஞ்சாயத்து போர்டுத் தலைவரானார். புரொபசர் ஊர் ஊராகப் போய்ப் பேரிகைப் பலசாலியின் கதையைச் சொல்வதாகவும், அதில் மூட்டை நாளுக்கு நாள் பெரிதாகி வருவதாகவும் சேதி வந்தது.

வெற்றிலை வாங்கிய வருஷம் வாங்கியதுதான். ஆள் படுத்ததால் கெம்பம்மா போனாள். அந்தக் கோணல் காலை இழுத்துக்கொண்டு கவலை இறைத்தாள், எருக்கூடை சுமந்தாள், விறகு பிளந்தாள். விடிவதற்கு முன் அவனைப் பாயிலிருந்து தூக்கிச் சுவரோரம் சாய்த்துவிட்டுப் போவாள். பொழுது சாய வந்து தூக்கிப் பாயில் விடுவாள். மெடல் குடிசையின் கூரைக் கழியில் தொங்கிற்று. காற்றடித்தால் சத்தம் போட்டது.

ஒரு மத்தியானம் தோப்புக்குள் ஒரு கல்தூண் சாய்ந்து கிடந்தது. அதை நிமிர்த்த ஆள் தேடிக் கரியப்பன் போயிருந்தான். ஆளோடு அவன் திரும்பி வந்தபோது தூண் நட்டுக்குத்தாக நின்றது. கெம்பம்மா அதன் அடியில் மண்ணை மிதித்துக்கொண்டிருந்தாள்.

"ஏமே!" கரியப்பன் தலையில் கை வைத்தான். "ஒண்டியாவா தூக்கி நிறுத்தின? உனக்குள்ளார இத்தன பலம் எங்கமே இருந்துச்சு?"

அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள்.

"மெதுவாப் பேசு" என்றாள். "மணியாரு காதுல விழுந்துடப் போவுது."